இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

புதன்கிழமை, காலை

அன்புள்ள வெண்கலத்துக்கு,

கமா எழுதுகிறேன். நலமா என்று ஆரம்பித்தால் நீ அங்கேயே மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் அப்படி ஆரம்பிக்கவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்து ஆறு வாரம் ஆகிறது. நியாயம்தான். உன் விலாசத்தை உன் தங்கையிடம்தான் வாங்கினேன். அவளைத் திட்டாதே. அரை மணி நேரம் வாசலில் நின்று அவள் உயிரை வாங்கியது நான்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்களோ செவ்வாயோ சேனலிலிருந்து ஓர் அம்மா உனக்கு போன் செய்வார். நாம் தமிழில் டப்பிங் செய்த அனிமேத் தொடரின் பத்தாம் பாகத்தில், நீ குரல் கொடுக்கிற நரிக்காதுக்காரி பேசும் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை நீ சம்மதித்துத்தான் பேசினாயா என்று கேட்பார். பேச மாட்டேன் என்று மைக்கை விட்டு எழுந்து போனாயே, அதே வரிதான். இப்போது அது உன் குரலிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் ஒளிபரப்பாகப் போகிறது. உன் வாயிலிருந்து வராத வரி உன் குரலில் எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதுவும் வேறு யாரும் சொல்வதற்கு முன் என் மூலமாகத் தெரிய வேண்டும். முழுதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. திங்களுக்கு முன்னால் படித்துவிடு, அது போதும்.

அன்று நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது அசட்டுத்தனம். ஆனால் உங்களுக்கெல்லாம் அவரவர் பேசும் காட்சியைத்தான் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். நரிக்காதுக்காரி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. பன்னிரண்டு பாகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, அந்த வாய்கள் திறந்து மூடுவதற்குத் தகுந்தபடி தமிழ் பொருத்தியவள் நான் ஒருத்திதான். அதனால் அந்தக் கதையில் கிடக்கிற அழுக்கு முழுவதும் என் கைவழியாகத்தான் போனது.

முதல் பாகத்தில் ஹீரோ அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தபடியே சாகிறான். மறுநிமிடம் ஒரு புல்வெளியில் கண் விழிக்கிறான். கண் முன்னால் ஒரு நீலக் கட்டம் மிதக்கிறது. வீடியோ கேமில் வருவது போல அவன் பலம் இவ்வளவு, மாயசக்தி இவ்வளவு, நிலை ஒன்று என்று அதில் எழுதியிருக்கிறது. அங்கே அவன் அழுகிறான். அம்மா தனியாகக் கிடப்பாளே என்கிறான். செத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இந்த உலகத்தில் ஓர் உயிரைக்கூடக் கொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் பாகத்தில் அவன் நாற்பத்திரண்டு பேரைக் கொல்கிறான். வழிப்பறிக்காரர்களாம். கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொருவன் விழும்போதும் நீலக் கட்டத்தில் டிங் என்று மணி அடித்து ஓர் எண் ஏறும். கடைசியில் நிலை பதினேழு, பின்னணியில் கல்யாண வீட்டுக்குப் பொருத்தமான வாத்தியம். சத்தியம் என்ன ஆயிற்று என்று அவனும் கேட்கவில்லை, கூட இருக்கிற கூட்டமும் கேட்கவில்லை. அடுத்த பாகத்திலேயே இதே மகான் ஒரு முயல் செத்ததற்காக அரைப் பாகம் அழுகிறான். தூங்கி எழுந்தால்தான் மாயசக்தி திரும்ப வரும் என்று இரண்டாம் பாகத்தில் ஒரு கிழவர் விளக்கோ விளக்கென்று விளக்கினார், அந்த நீளமான வசனத்தை எழுதி என் விரல் வீங்கியது. ஆறாம் பாகத்தில் தூக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கோபம் வந்தாலே சக்தி வந்துவிடுகிறது.

அந்த அம்மா? இரண்டாம் பாகத்துக்குப் பிறகு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. வேண்டுமென்றே தேடினேன். மீதிப் பத்துப் பாகத்திலும் அவன் வாயில் "அம்மா" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அதுவும் படிக்கட்டில் கால் இடறியதற்கு நானாகப் போட்ட அம்மா.

இதையெல்லாம் டைரக்டரிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் சமாதானமாகப் போவோம் என்பவராயிற்றே. "கதைய நாம எழுதலம்மா. வாய்க்கு வார்த்தை ஒட்டறதுதான் நம்ம வேலை. ஒட்டிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றார். நானும் ஒட்டிக்கொண்டே போனேன்.

மூன்றாம் பாகத்தை வேண்டுமென்றுதான் தாண்டி வந்தேன். அதைப் பற்றி எழுத எனக்குக் கூசுகிறது. உன் நரிக்காதுக்காரி வருகிற பாகம். ஹீரோ ஒரு சந்தைக்குப் போகிறான். கூண்டுகளில் மனிதர்கள். சீ, இந்த உலகத்தில் அடிமை முறை இருக்கிறதா, என்ன கேவலம் என்று முகத்தைச் சுளிக்கிறான். சுளித்த முகத்தோடே ஒரு கூண்டைக் காட்டி இவளை எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். அவள் கழுத்தில் ஒரு பட்டி. வாங்கினவனை எதிர்த்தால் அது இறுகும். வெளியே வந்ததும், உன்னை நான் அடிமையாக நினைக்கவில்லை என்று பெரிய மனதோடு சொல்கிறான். பட்டியை மட்டும் கழற்றவில்லை. நீலக் கட்டத்தில் அவள் பெயருக்கு நேராக "விசுவாசம்: நூறு" என்று வருகிறது. ஒரு மனுஷியின் மனதை அளந்து எண்ணாகப் போட்டு, அதைப் பார்த்து அவன் வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் வருகிற தொடர், பூசி மெழுகுங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். மெழுகினேன். அடிமையை உதவியாளர் ஆக்கினேன். கழுத்துப்பட்டியை அடையாளப் பட்டை ஆக்கினேன். அடிமைச் சந்தைக்கு வேலைவாய்ப்புச் சந்தை என்று எழுதினேன். சிரிக்காதே, நிஜமாகவே அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு, நல்ல வார்த்தை கிடைத்தது என்று சந்தோஷமும் பட்டேன். அதனால்தான் நீ அடுத்த மூன்று பாகம் வரைக்கும் அவள் ஏதோ வேலைக்குச் சேர்ந்த பெண் என்று நினைத்து, துடுக்காகவும் கலகலப்பாகவும் பேசினாய். பட்டி இறுகுகிற காட்சி வந்தபோது, "வேலைக்கு வந்தவ கழுத்த எதுக்குடி நெரிக்கறாங்க?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டாய். அப்புறம்தான் சொன்னேன். அன்று முழுக்க நீ என்னுடன் டீ குடிக்க வரவில்லை.

ஏழாம் பாகம் வந்ததால்தான் நீ தொடரை விடாமல் இருந்தாய். அவளை வேறொருவன் கடத்திக்கொண்டு போய்ச் சங்கிலி போட, அவள் அதைப் பல்லால் கடிக்கிறாள். பல் உடைகிறது. "என் கழுத்துல இனி எவன் கையும் படாது" என்று கத்துகிறாள். நீ அந்த வரியை ஒரே டேக்கில் கொடுத்தாய். உனக்கு வெண்கலம், எனக்குக் கமா என்று பேர் வைத்த சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, மீட்டர் ஊசி சிவப்புக்குப் போச்சு, ஆனா திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். அவர் வாய் திறந்து பேசியதே வருஷத்தில் நாலு தடவைதான் இருக்கும்.

பிறகு பத்தாம் பாகம். சண்டையில் பட்டி தானாக அறுந்து விழுகிறது. அவளுக்கு விடுதலை. அடுத்த காட்சியில் அந்தப் பட்டியைத் துடைத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, இது இல்லாமல் என் கழுத்து வெறுமையாக இருக்கிறது, தயவுசெய்து நீங்களே மாட்டிவிடுங்கள் என்கிறாள். கண்ணில் தண்ணீர், கன்னத்தில் சிவப்பு. நீ தாளைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். அன்று நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "ஏழாவதுல சங்கிலியக் கடிச்சுப் பல்ல உடைச்சுக்கிட்டவ, பத்தாவதுல எதுக்குடி கழுத்த நீட்டறா? நடுவுல என்ன நடந்துச்சு? யார் அவ மனச மாத்தினது? அந்தக் காட்சியக் காட்டு, நான் பேசறேன். அப்படி ஒரு காட்சி இல்லன்னா இவ அவ இல்ல. இத நான் பேச மாட்டேன்."

அப்படி ஒரு காட்சி இல்லை. எனக்குத் தெரியும், முழுத் தொடரையும் பார்த்தவள் நான்தானே. அறையில் ஆறு பேர் இருந்தோம். உன் கேள்விக்கு அங்கே பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் சொன்னது, "கார்ட்டூன்தானடி, பேசிட்டுப் போ, நேரமாகுது." நீ ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாய். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். உண்மையைச் சொல்வதானால் அன்றைக்கு எனக்கு உன் மேல்தான் எரிச்சல். பெரிய இவளாட்டம் எழுந்து போகிறாளே என்று நினைத்தேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்குப் பதிலாக வேறொருத்தியைப் போட்டால் மூன்றாம் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். பாக்கி இருந்ததோ உன் வரி ஒன்றே ஒன்று. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் நரிக்காதுக்காரிக்கு வசனமே கிடையாது. பட்டி மாட்டிய பிறகு அவள் ஹீரோவின் பின்னால் நின்று தலையாட்டுவதோடு சரி. அதனால் டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். உன் பழைய பதிவுகளிலிருந்து வார்த்தை வார்த்தையாக வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். எந்த வார்த்தை எந்தப் பாகத்தில் எத்தனாவது நிமிடத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத்தான். என் நோட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் எடுத்துக் கொடுத்தேன். "வெறுமை" என்று நீ எங்கேயும் சொல்லவில்லை, அதனால் வரியையே மாற்றி எழுதினேன், உன் வாயிலிருந்து ஏற்கெனவே வந்த வார்த்தைகளுக்குள் அடங்குகிற மாதிரி. "நீங்களே" ஐந்தாம் பாகத்தில் இருந்தது, ஹீரோ கருக வைத்த சாப்பாட்டை நீங்களே சாப்பிடுங்க என்று நீ கிண்டல் செய்வாயே, அது. "மாட்டுங்க" எட்டில் இருந்தது, பிள்ளைகளிடம் விளக்கைச் சுவரில் மாட்டச் சொல்வது. "தயவுசெஞ்சு" நான்கில், நொண்டி நாயை மிதிக்காதீர்கள் என்று சிப்பாய்களிடம் கெஞ்சியது. "என் கழுத்துல" எங்கே கிடைத்தது என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரியும். சங்கிலியைக் கடித்துவிட்டு நீ கத்தியதன் முதல் இரண்டு வார்த்தை அது. சத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, கொஞ்சலாகத் தெரிகிற மாதிரி ஆக்கச் சொன்னார்கள்.

அந்த ஒரு மணி நேரமும் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறவள் போல விறுவிறுப்பாகத்தான் இருந்தேன். நாலாவது வார்த்தை கிடைத்தபோது மேஜையைத் தட்டினேன். ஒட்டி முடித்துப் போட்டுக் காட்டினார்கள். ஹீரோவுக்குக் குரல் கொடுக்கிற தம்பி, "அக்கா இல்லாமலே அக்கா பேசிட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சவுண்ட் இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு கொறச்சாலும் அந்த கழுத்துலங்கறதுல கோவம் போக மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

வீட்டுக்கு வந்தால் என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலை, உனக்குத் தெரியுமே. இந்த மாதிரித் தொடர் ஒன்று விடாமல் பார்க்கிறவர், நம் தொடரையும் மூல மொழியில் முன்பே பார்த்துவிட்டார். பத்தாம் பாகம் எழுதியாச்சா அண்ணி, பட்டிய மறுபடி மாட்டற சீன்ல நான் அழுதுட்டேன் என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை, எதைப் பார்த்து அழுதீங்க என்று பிடித்துக்கொண்டேன். அது அந்த உலகத்துச் சட்டம் அண்ணி, அங்க தப்பில்ல என்றார். அந்த உலகத்தில் எந்தச் சட்டம் இரண்டு பாகம் தாண்டி நின்றிருக்கிறது, இது ஒன்று மட்டும் எப்படிக் கல்லில் பொறித்ததாக ஆயிற்று என்றேன். நல்லவன்கிட்ட இருக்கறா, அதனால சந்தோஷமா இருக்கறா என்றார். நாற்பத்திரண்டு பேர் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, பாவம், தலையைச் சொறிந்துகொண்டு கடைசியாக ஒன்று சொன்னார். "அவளேதான அண்ணி வந்து கேக்கறா? அது அவ இஷ்டம்தான?"

"அவ கேக்கல. எழுதறவன் அவளக் கேக்க வச்சான். அவ வாயில வார்த்தைய வச்சு, அத அவ இஷ்டம்னு காட்டறான்" என்று கத்தினேன்.

கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் எதைச் சொல்கிறேன் என்று என் காதிலேயே விழுந்தது. அந்தக் கதையை எழுதியவன் எவனோ, ஒரு கற்பனைப் பெண்ணுக்கு அதைச் செய்தான். நான் மூச்சு விடுகிற ஒருத்திக்கு, என்னுடன் பதினோரு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவளுக்குச் செய்திருக்கிறேன். மாட்டேன் என்று நீ சொன்னதை இந்தக் காதால் கேட்டுவிட்டு, நீ கோபத்தில் கத்திய வார்த்தையையே எடுத்துக் கெஞ்சலாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொடர் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பெல்லாம் என் மேல் இருக்கிற அருவருப்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. கொழுந்தன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் பத்தாம் பாகத்தின் ஒப்புதல் தாள் என் மேஜைக்கு வந்தது. வரிக்கு நேராகப் பேசியவர் பெயர் இருக்கும், கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் சேனலுக்குப் போகும், உனக்குத் தெரிந்ததுதான். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேராக உன் பெயர் இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. இந்த வரியை இவர் பேசவில்லை, பேச மறுத்துவிட்டார், பழைய பதிவுகளிலிருந்து ஒட்டப்பட்டது என்று எழுதி, சேனலுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டைரக்டர் சும்மா இருப்பாரா? வெண்கலம் போனில் சம்மதம் சொல்லிவிட்டாள், இவளுக்கும் அவளுக்கும் சண்டை, அதனால் இவள் கிளப்பிவிடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார். பச்சைப் பொய். ஆனால் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் அவர் சொல்வது எடுபடுகிறது. கடைசியில் சேனல் அம்மா, அவங்களையே கேட்டுடறேன், அவங்க சம்மதிக்கலன்னு சொன்னா அந்த வரிய நீக்கிடுவோம் என்றார். அந்த போன்தான் உனக்கு வரப் போகிறது.

நீ சம்மதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு, அதைக் காட்டி வாதாடுகிறேன் என்று நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டேன். ஆறு பேர் முன்னால் நீ சொன்னதை மறுபடி எழுதி வாங்க நான் யார்?

எனக்கு இப்போது ஒரே பயம்தான். அது உன் நல்ல குணத்தைப் பற்றிய பயம். அடுத்தவர் தப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வது உன் பழக்கம். இதற்கு முன்னால் செய்த தொடரில் நான் ராணியின் வசனத்தை வேலைக்காரிக்கு எழுதி வைத்து, நாள் முழுக்க எடுத்தது வீணாய்ப் போனபோது, நான்தான் தாளை மாற்றிப் படித்துவிட்டேன் என்று நீ சொன்னாய். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை அந்த வேலை வேண்டாம். யார் ஒட்டியது என்று சேனலில் கேட்டால், தெரியாது என்று சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கமாவுக்கு வேலை போய்விடுமே என்று யோசித்துப் போனை எடுக்காமலே விட்டுவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. நீ எடுக்காவிட்டால் டைரக்டர் சொன்னதுதான் நிற்கும், அந்த வரி உன் குரலில் போய்விடும்.

அதனால் உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். போனை எடு. வார்த்தைகளைப் பொறுக்கிக் கொடுத்தது நான் என்று சொல், என் பெயரை முழுதாகச் சொல். எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே. மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். ஆனால் அதைக் கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை.

நீ வேலைக்குச் சேர்ந்திருக்கிற மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இப்போது உன் குரல்தான் என்று உன் தங்கை சொன்னாள். அங்கே காத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நீ நன்றாக இரு. தொண்டையைப் பார்த்துக்கொள். என்ன பேசுவாய், எதைப் பேச மாட்டாய் என்பதெல்லாம் இனி உன் இஷ்டம். உன் வாயில் நான் இனி ஒரு வார்த்தையும் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கமா